எவர்சில்வர்த் தகட்டில் சிறு மரையாணிகளைப் பற்றவைத்தல்

செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரமுடையது. படிகளில் மூச்சுவாங்க ஏறி அதன் உச்சியை அடைந்த அன்பர்கள், அங்கே கிடக்கும் பெரும் பீரங்கி ஒன்றைக் கண்டிருப்பர். 7560 என்னும் எண் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. எத்தனையோ மழைக்காலங்களைத் திறந்தவெளியிற் கழித்தும் அதனைத் துரு பெரிதாய்த் தின்றுவிடவில்லை. அம்மலையின் அடியில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியை ஒட்டிய எம் மாமாவின் சிற்றுண்டிச்சாலையில், ‘துருவேறாத எஃகு’ என்று பெயர்பெற்ற எவர்சில்வர்த் தகட்டினால் ஆகிய தண்ணீர்த்தொட்டி மூடியொன்று ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்தது. மலைமேல் கிடப்பது பிழைக்க, மலையடியில் இருப்பது கெட்டது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நிகழ்ந்தது இது. அம்மூடி 1 மி.மீ. தகடு. அதன் கீல் நான்கு மரையாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது. நட்டுகள் மூடியின் உட்புறத்தே இருந்தன. தொட்டியைக் கழுவுதற்குக் கீலைக் கழற்றும்போதெல்லாம் நட்டு நழுவித் தண்ணீருக்குள் விழும். நட்டுகளை மூடியோடு நிலையாக ஒட்டிவிட்டால் இத்தொல்லை ஒழியுமென எண்ணிய மாமா, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கினார். இரும்புக் கதவுக்குப் பயன்படும் சாதாரண ராடும், துத்தநாக முலாம் பூசிய இரும்பு நட்டுகளும் கொண்டு, மார்கழிப் பனிக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு, தாமே வேலையை முடித்தார். நான்கு நட்டுகளில் இரண்டின் அருகே தகடு ஓட்டை விழுந்தது; ஓட்டைகளையும் அதே ராடால் நிரப்பினார். அன்றிரவு அவருக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டன; நாவில் செம்புக்காசைச் சுவைத்தாற்போன்ற ஒரு சுவையென்றார். பனியில் நின்றதன் பயன் என்று அத்தை கடிந்துகொண்டார். மறுநாள் மாலைக்குள் காய்ச்சல் நீங்கிற்று, நாமும் மறந்தோம். அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் மூடியைத் திருப்பிப் பார்த்தபோது ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம். அதிலிருந்து சொட்டிய நீர், வருவோர் போவோர் எல்லாரும் குடிக்கும் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

“மாப்பிள்ளை, எவர்சில்வரும் துருப்பிடிக்குமோ? கடைக்காரன் ஏமாற்றிவிட்டானோ?” என்றார் மாமா. கடைக்காரர் மேல் குற்றமில்லை. குற்றம் எங்கேயென அறிய வேண்டின் அவ்வுலோகத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

இரும்பில் நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் கலந்தால் அக்கலவை துருவை எதிர்க்கும் தன்மை பெறுகிறது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பார் இத்தகைய எஃகை உருக்கினார். நம் அடுக்களைகளில் பித்தளைக்கும் ஈயம் பூசுவோருக்கும் விடைகொடுத்த எவர்சில்வர் இதன் வழிவந்ததே. நல்ல பாத்திரங்களுக்கு உரிய 304 என்னும் வகையில் குரோமியம் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டு; நிக்கல் எட்டு. சேலத்து எஃகு ஆலையிலும் இவ்வினத் தகடுகள் 1980-களின் தொடக்கமுதல் உருட்டப்பட்டு வருகின்றன.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. எவர்சில்வர் தன் உடல் முழுமையினாலும் துருவை வெல்லுவதன்று. தன் தோலினால் வெல்லுகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடி, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமொன்றை ஆக்குகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் சில பங்கே. கீறினாலும் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் அத்தோலுக்கு வேண்டிய குரோமியம் கீழே குறைந்துவிட்டாலும், வேற்றிரும்பு அதன்மேல் ஒட்டிக்கொண்டாலும், உப்பும் நீரும் காற்றுப் புகாத இடுக்கில் தேங்கினாலும், தோல் அங்கே மூடுவதில்லை. மாமாவின் வேலையில் இம்மூன்று கேடுகளும் ஒருங்கே அமைந்திருந்தன. இரும்பு ராடு மூடியில் வேற்றிரும்பை உருக்கி ஊற்றிற்று. மிகுந்த சூடு தகட்டைக் கறுக்க வைத்தது. நட்டுக்கும் தகட்டுக்கும் இடையே மயிரிழை போன்ற இடுக்கு நீரைப் பிடித்துக்கொண்டது.

சூட்டின் கேட்டைச் சற்று விரித்துரைப்போம். எவர்சில்வர் ஏறக்குறைய 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் நெடுநேரம் நின்றால், அதிலுள்ள கரி குரோமியத்தைக் கவர்ந்துகொண்டு உலோக மணிகளின் ஓரங்களில் படியும். அவ்வோரங்கள் குரோமியமற்று வறுமையுறும்; துரு அவ்வழியே புகும். இதனைத் தடுக்கவே கரி நூற்றுக்கு 0.03 பங்குக்கு மேற்படாத 304எல் என்னும் வகையை ஆலைகள் செய்கின்றன. வீட்டில் இருப்பது எவ்வகையென்று நாம் அறியோம்; ஆதலின் விரைந்து சுட்டு விரைந்து ஆற்றுவதே நமக்கு வழி.

அன்றியும், இவ்வுலோகம் சூட்டைக் கடத்துவதில் சாதாரண இரும்பின் மூன்றிலொரு பங்கு வல்லமையே உடையது; சூட்டினால் விரிவதிலோ ஒன்றரை மடங்கு. சுட்ட இடத்தில் சூடு அகலாது நிற்கும். நின்ற இடம் விரிந்து புடைக்கும். இரும்புக் கதவில் பழகிய கை எவர்சில்வரில் தோற்பது இதனாலேயாம்.

நம் முன்னோர் இரும்பை இணைத்தது கொல்லுலையில். தஞ்சைப் பீரங்கி மேட்டிலுள்ள இராஜகோபாலப் பீரங்கி, இரகுநாத நாயக்கர் காலத்தது என்பர், 26 அடி நீளம், வார்த்ததன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைச் சேர்த்து, வளையங்களைச் சூட்டோடு ஏற்றி, அடித்தே ஒன்றாக்கப்பட்டது. வெண்ணிறமாகக் காய்ந்த இரும்பின்மேல் கொல்லர் மணலைத் தூவுவர். மணல் இரும்பின் செதிலோடு கூடி உருகி வழிந்துபோக, தூய இரும்பும் தூய இரும்பும் சம்மட்டியின்கீழ்ப் பொருந்தும். இம்முறை எவர்சில்வருக்கு எளிதிற் பலியாது. அதன் தோலாகிய குரோமியச் செதில் உருகுதற்கு 2,400 டிகிரிக்கு மேற்பட்ட சூடு வேண்டும். மணலுக்கும் அது எளிதில் கரைந்து கொடாது. எவர்சில்வரைக் காக்கின்ற அத்தோலே அதன் இணைப்புக்குப் பகையாகிறது. எனவே மின்வில்லை நாடவேண்டியதாயிற்று.

மின்வில்லினால் உலோகத்தை உருக்கி இணைக்கும் கலை 1880-களில் ருஷ்ய நாட்டவரான பெனார்டோஸ், ஸ்லாவியானோவ் என்போர் கையில் வளர்ந்தது. ராடின்மேல் மருந்து பூசும் உபாயத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் ஆஸ்கார் கெல்பெர்க் கண்டார். அம்மருந்து எரிந்து எழும் புகை, உருகிய உலோகத்தைக் காற்றினின்றும் காக்கிறது. உருகிய மருந்து கசடாகி மேலே போர்வைபோல் மூடுகிறது. திருச்சிராப்பள்ளியில் 1975-இல் நிறுவப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இக்கலைக்கு நம் நாட்டில் தனி இடமாயிற்று. ஆர்கான் வாயுவின் காப்பில் செய்யும் முறையே மெல்லிய எவர்சில்வருக்கு மிகச் சிறந்தது; எனினும் அவ்வாயுவுக்கு உருளையும் வேறு கருவியும் வேண்டும். சிறிய வீட்டு மெஷினை மட்டும் உடையார் ராடைக் கொண்டே செய்தல் கூடும். ஆனால் பொறுமை வேண்டும்.

இனி, யானும் மாமாவும் புதிய மூடியொன்றில் செய்த முறையைச் சொல்லுகிறேன். மரையாணி தகட்டை ஊடுருவாதபடி, மூடியின் வெளிப்புறத்தே குச்சிபோல் நிமிர்ந்து நிற்கவேண்டும். கீலை அதன்மேற் கோத்து, நட்டை மேலிருந்து முடுக்கவேண்டும் என்று முடிவுசெய்தோம். இதனால் உட்புறத்தில் துளையும் இல்லை, இடுக்கும் இல்லை, நட்டு நீரில் விழுதலும் இல்லை.

ஆணி வாங்குகையில் முலாம் பூசியதை விலக்குக. துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும்; எவர்சில்வர் உருகுவதோ 1,400 டிகிரிக்கு மேல். எனவே எவர்சில்வர் உருகும் முன்னரே முலாம் முழுவதும் புகையாய்ப் பறக்கும். அப்புகையை நுகர்ந்தார்க்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரும். மாமாவுக்கு அன்று வந்தது பனிக்காய்ச்சலன்று, துத்தநாகக் காய்ச்சலே. மேலும் உருகிய துத்தநாகம் எவர்சில்வரின் மணிகளிடையே ஊடுருவி விரிசலை உண்டாக்கும். ஆகையால் ஏ2 என்று தலையில் பொறித்த எவர்சில்வர் ஆணியையே வாங்கினோம், 6 மி.மீ. பருமன். தலையை அறுத்து 15 மி.மீ. நீளக் குச்சிகளாக்கினோம்.

காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டாவிடில் நல்ல எவர்சில்வர் என்று கடைவீதியிற் சொல்லுவது வழக்கம். இது பாதி உண்மையே. 304 ஒட்டாது, ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான 200 வரிசைத் தகடும் ஒட்டாது. நல்ல தகடும் மடித்து வளைத்த இடத்தில் சிறிது ஒட்டக்கூடும்.

ராடு 308எல் வகை. 304 தகட்டுக்கும் ஆணிக்கும் அதுவே ஏற்றது. இரும்பு ஆணியைத்தான் எவர்சில்வரில் வைத்தாக வேண்டுமெனின் 309எல் கொள்க. கடையில் பெரும்பாலும் 2.5 மி.மீ. பருமனே கொடுப்பர், வற்புறுத்தி 2 மி.மீ. அல்லது 1.6 மி.மீ. வாங்குக. 2 மி.மீ. ராடுக்கு 35 முதல் 40 ஆம்பியர் போதும்; 1.6-க்கு 25 முதல் 30. எவர்சில்வர் ராடு தானே விரைவிற் சிவந்து சூடேறும் இயல்பினதாதலால் இரும்பு ராடுக்கு வைக்கும் அளவை இதற்கு வைத்தல் ஆகாது. ராடு பிடியை மெஷினின் நேர்முனையிலும், எர்த் கிளாம்பை எதிர்முனையிலும் பொருத்துக.

தகட்டின் பின்னே, ஆணி நிற்கும் இடத்துக்கு நேராக, கனத்த செம்புத் துண்டொன்றை இறுக்கிவைத்தோம். இவ்வேலையின் உயிர்நிலை இதுவே. செம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்; தகடு உருகி வழியாமல் தாங்கும்; தான் எவர்சில்வரோடு ஒட்டாது. செம்பு கிடையாவிடில் கனத்த அலுமினியம் உதவும். முன்முறை இரண்டு ஓட்டை விழுந்தவிடத்து இம்முறை ஒன்றும் விழவில்லை. கை தேர்ந்ததனால் அன்று, செம்பு இருந்ததனால்.

ஆணியை நிமிர்த்திப் பிடிப்பது அடுத்த இடர். மாமா இரும்பு வேலைக்கு வைத்திருந்த காந்தப் பிடி இங்கே உதவாது. எவர்சில்வரில் அது ஒட்டுவதில்லை. அலுமினியப் பட்டையொன்றில் துளையிட்டு, இரு புறமும் சிறு முட்டுக் கொடுத்து உயர்த்தி, துளைவழியே ஆணியைச் செலுத்தி நிறுத்தினோம். அடி மட்டும் கண்ணுக்குத் தெரியும். தீப்பொறி மரையில் ஒட்டாதபடி, பிரிட்ஜ் பழுதுபார்ப்பவரிடம் கிடைத்த செம்புக்குழாய்த் துண்டை மேலே கவிழ்த்தோம்.

வில்லைத் தகட்டில் எழுப்புதல் கூடாது; ஆணியின் அடியில் எழுப்புக. ஆணி கனத்தது, சூட்டைத் தாங்கும், தகடு தாங்காது. ஆணியில் உருகிய துளி தகட்டைத் தழுவியவுடன் ராடை எடுத்துவிடுக. மனத்துக்குள் ‘ஒன்று’ என எண்ணி முடிக்கும் நேரமே ஒரு பொட்டுக்கு. பின் காத்திருக்க, விரல் தொடும் அளவு ஆறியபின் எதிர்ப்பக்கத்தில் மற்றொரு பொட்டு. இரும்பைப்போல் எவர்சில்வர் நீர் பட்டதனால் முறுகிப்போவதில்லை. ஆகையால் ஈரத்துணியால் ஒற்றி ஆற்றலாம். ஓர் ஆணியை முடித்து அடுத்த ஆணிக்குப் போகாமல், நான்கிலும் ஒவ்வொரு பொட்டாக மாறி மாறி வைத்தால் மூடி கோணாது. மூன்று பொட்டுகள் போதுமாயின. சுற்றிலும் வளையமாக வைக்க விரும்பிய மாமாவைத் தடுத்து நிறுத்தினேன். கீலின் துளைகளை அடியில் சற்று அகலித்தமையால் பொட்டுகள் இடறாமல் கீல் படிந்து உட்கார்ந்தது.

மூடியில் கைவைக்கும் முன் வெட்டுத் துண்டில் பன்னிரண்டு ஆணிகளைப் பழகினோம். பழகியவற்றைச் சுத்தியலால் சாய்த்துப் பார்ப்பதே சோதனை. ஆணி வளைந்தும் பொட்டு பெயராதிருந்தால் நன்று. முதல் ஐந்து பெயர்ந்தன; ஆறாவது தகட்டையே கிழித்தது.

கண்ணையும் மூச்சையும் பற்றி உரைப்பது இன்றியமையாதது. வெறுங்கண்ணால் வில்லை நோக்கினார்க்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலைக் கொட்டினாற்போல் உறுத்தும். தாய்ப்பால் விடுதலும் பிறவும் நம் ஊர்களிற் சொல்லப்படுவன. அவற்றை விடுத்து மருத்துவரிடம் செல்லுக. ஒன்பது அல்லது பத்தாம் எண் கறுப்புக் கண்ணாடியுள்ள முகமூடி அணிக. அருகில் வேடிக்கை பார்க்கும் சிறுவரை விலக்குக. எவர்சில்வரின் கசடு ஆறும்போது தானே வெடித்துத் தெறிக்கும் குணமுடையது. ஆகையால் முகமூடியை உயர்த்தியபின்னும் சாதாரணக் கண்ணாடி கண்ணில் இருத்தல் வேண்டும். எனக்கு ஒரு துணுக்கு இமையிற் பட்டது.

எவர்சில்வர்ப் புகை இரும்புப் புகையினும் கொடிது. குரோமியம் அதில் ஆறு இணைதிறன் நிலையை அடைகிறது. அது புற்றுநோய் விளைப்பதென உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ளது. 2017-இல் எல்லா வெல்டிங் புகையையும் அவ்வகுப்பிலேயே சேர்த்தது. பால் குடித்தால் புகை வயிற்றில் தங்காதென வெல்டிங் வேலை செய்வோர் நம்புவர். புகை செல்வது வயிற்றுக்கன்று, நுரையீரலுக்கு. கதவைத் திறந்த இடத்தில், காற்று பக்கவாட்டில் வீச, புகைக்கு மேலே தலையைக் கவிழ்க்காமல், தக்க மூச்சுக்கவசத்தோடு செய்க. ஈரத்தரையில் நின்று செய்யற்க; வில் எழாத வேளையிலும் ராடில் 60 முதல் 80 வோல்ட்டு வரை மின்னழுத்தம் இருக்கக்கூடும்.

பற்றவைத்தலோடு வேலை முடிந்ததென்று எண்ணியதே முதல் மூடிக்கு வந்த கேடு. பொட்டைச் சுற்றிப் பொன், ஊதா, நீலம் எனத் தோன்றும் நிறங்கள் கண்ணுக்கு இனியவை. ஆனால் அவை சூட்டினாற் கெட்ட தோல். உட்புறத்திலும் அந்நிறம் மங்கலாகத் தெரியும். அதுவே நீரை நோக்கும் பக்கமாதலால் அதனை முதலில் நீக்குக. நீக்குதற்கு எவர்சில்வர்க் கம்பித் தூரிகையே வேண்டும். இரும்புத் தூரிகை தன் இரும்பை அங்கே தேய்த்துவிட்டுச் செல்லும். இரும்பை அரைத்த கிரைண்டர்க் கல்லும் அவ்வாறே. தேய்த்தபின் எலுமிச்சையின் புளிப்பாகிய சிட்ரிக் அமிலத்தை வெந்நீரிற் கரைத்துச் சிறிதுநேரம் ஊறவைத்துக் கழுவினோம். ஆலைகளிற் பயன்படும் ஊறற்பசையில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு. அது தோலின் வழியே எலும்புவரை செல்லக்கூடியது. வீட்டில் வேண்டவே வேண்டா. முடுக்கும்போது மரையில் சிறிது உணவுக்குரிய கிரீஸ் இடுக. எவர்சில்வர் நட்டும் எவர்சில்வர் ஆணியும் உராய்ந்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் பின்னர் அறுத்தே எடுக்கவேண்டும்.

இத்தொல்லையெல்லாம் ஆலைகளுக்கு இல்லை. 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கப்பற்றுறையில் டெட் நெல்சன் என்பார், எஃகுத் தளத்தில் மரப்பலகையை முடுக்குதற்கு ஆணியையே ராடாக்கிப் பற்றவைக்கும் துப்பாக்கியை அமைத்தார். இன்று மெல்லிய தகட்டுக்கு, மின்தேக்கியிற் சேர்த்த மின்சாரத்தை ஆணியின் சிறு மூக்கின்வழியே ஓர் வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள் பாய்ச்சுகின்றனர். சூடு பின்புறத்தை எட்டுமுன் வேலை முடிந்துவிடும், பளபளப்பும் மாறாது. ஐம்பது நூறு ஆணிகள் வைக்கவேண்டியோர் அத்தகைய பட்டறையை நாடுதலே சிக்கனம். தகடு 1 மி.மீ.க்குக் குறைந்ததாயினும், உப்போ புளியோ தங்கும் பாத்திரமாயினும், ராடைத் தொடாமல் ரிவெட்டு அடித்தலே தக்கது என்பது என் கருத்து.

புதிய மூடி ஒரு மழைக்காலத்தைக் கழித்துவிட்டது. மூன்று ஆணிகளின் அடி வெள்ளையாகவே இருக்கிறது. நான்காவதன் ஓரத்தில் கடுகளவு பழுப்புத் தெரிகிறது. அங்கே மாமா பழைய தூரிகையால் தேய்த்தாராம். அதனை மீண்டும் தேய்த்துக் கழுவினோம். சென்ற விடுமுறையில் மாமா சாம்பார் வாளியொன்றைக் கொணர்ந்து, அதன் பிடிக்கு இரண்டே இரண்டு பொட்டு வைத்தாலென்ன என்றார். தகட்டை அளந்தேன், அரை மி.மீ. கூட இல்லை. ரிவெட்டும் சுத்தியலும் எடுத்துக்கொடுத்தேன்.